அணுகுண்டு வெடித்தால் தெருவுக்கு ஓடாதீர்கள்: வடசென்னைக்கு ஒரு பாலபாடம்

ஆபத்து என்றால் வடசென்னை முதலில் வீட்டைவிட்டு வெளியே வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கரையோரம் அமோனியா கசிந்தபோது, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். வாயுக் கசிவுக்கு அது சரிதான். வெள்ளம் வந்தால் மேட்டுக்குப் போக வேண்டும், தீப்பிடித்தால் இறங்கி ஓட வேண்டும். அணுகுண்டு மட்டும் இந்தப் பழக்கத்துக்கு நேர்மாறு. உடனே உள்ளே போக வேண்டும், போன இடத்திலேயே குறைந்தது ஒரு நாள் கிடக்க வேண்டும். ஏன் அப்படி, எந்தக் கட்டடத்துக்குள், எவ்வளவு நேரம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

"அணுகுண்டு விழுந்தால் எல்லாரும் காலி, அப்புறம் என்ன பாதுகாப்பு?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. வெடித்த இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் பரப்பு 3 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1 கிலோமீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வளையத்தின் பரப்பு சுமார் 75 சதுர கிலோமீட்டர். நடுவில் இருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வளையத்தில் இருப்பவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அடுத்த பத்து நிமிடத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நடுவிலும்கூடச் சில நேரம் தப்பியிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதற்கு நேர் கீழே இருந்த இடத்திலிருந்து வெறும் 170 மீட்டரில் ஒரு கான்கிரீட் கட்டடம். அதன் நிலவறைக்குள் ஏதோ காகிதம் எடுக்க இறங்கியிருந்த எய்ஸோ நொமுரா என்பவர் உயிரோடு வெளியே வந்து 1982 வரை வாழ்ந்தார். காப்பாற்றியது அவர் தலைக்கு மேல் இருந்த கான்கிரீட்.

குண்டிலிருந்து என்னென்ன வருகிறது

காற்றில் வெடிக்கும் சாதாரண அணுகுண்டின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதிர்வலையாகப் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வெப்பமும் ஒளியுமாகப் போகிறது. மீதி 15 சதவீதம் கதிர்வீச்சு. அதிலும் 5 சதவீதம்தான் வெடித்த கணத்திலேயே பாய்வது. மற்ற 10 சதவீதம் பிறகு மெல்ல மெல்ல வெளிப்படுவது. நாம் பயப்படுவது பெரும்பாலும் கதிர்வீச்சுக்கு. ஆனால் முதல் நிமிடத்தில் கொல்வது சுவரும் கண்ணாடியும் நெருப்பும்தான்.

குண்டு பெரிதானால் அழிவும் அதே விகிதத்தில் விரியும் என்று நினைக்காதீர்கள். ஆற்றல் 8 மடங்கானால் அதிர்வலையின் எட்டும் தூரம் 2 மடங்காகும்; 1,000 மடங்கானால் 10 மடங்காகும். ஹிரோஷிமாவில் வெடித்தது 15 கிலோடன். ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல். 1 மெகாடன், அதாவது 1,000 கிலோடன், ஹிரோஷிமா குண்டைப்போல் 67 மடங்கு ஆற்றல் கொண்டது என்றாலும் அதன் அதிர்வலை எட்டும் தூரம் சுமார் 4 மடங்குதான். அதுவே பயங்கரம்தான், ஆனால் "முழு மாவட்டமும் ஆவியாகிவிடும்" என்பது வாட்ஸ்அப் கணக்கு.

ஓர் அளவுகோலுக்கு 10 கிலோடன் குண்டு தரையில் வெடிப்பதாக எடுத்துக்கொள்வோம். முதல் 800 மீட்டருக்குள் கட்டடங்கள் பெரும்பாலும் நிற்காது. 1.6 கிலோமீட்டர் வரை கனமான சேதம். கண்ணாடி நொறுங்குவது, கதவு பிய்ந்து வருவது எல்லாம் 5 கிலோமீட்டர் வரை போகும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து திருவொற்றியூர் கோயில் சுமார் 4 கிலோமீட்டர் என்பதை வைத்துத் தூரத்தை மனதில் கொள்ளுங்கள்.

முதலில் வருவது ஒளி. சூரியனைவிடப் பிரகாசமான வெளிச்சம், சத்தமே இல்லாமல். அதோடு சேர்ந்து வெப்பமும் ஒளியின் வேகத்திலேயே வரும். அடர் நிறத் துணி வெப்பத்தை இழுக்கும், வெளிர் நிறம் திருப்பியடிக்கும். ஹிரோஷிமாவில் கிமோனோவின் கறுப்புக் கோலங்கள் சில பெண்களின் தோலில் அப்படியே தீய்ந்து பதிந்தன. ஒளியைப் பார்த்தவருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் போகும். பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சில விநாடிகளே போதும்.

ஒளிக்குப் பின்னால்தான் அதிர்வலை வருகிறது. தொலைவில் அது ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி. 5 கிலோமீட்டரில் இருப்பவருக்குப் பத்துப் பதினைந்து விநாடி கிடைக்கும். அந்த இடைவெளியில் மனிதர் செய்வது ஒன்றே ஒன்று: என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலுக்குப் போவது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது நடந்தது அதுதான். வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலோரம் வந்து நின்றார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லால்.

ஆகவே காரணம் தெரியாத பெரிய வெளிச்சம் தெரிந்தால் அது என்ன என்று யோசிக்க வேண்டாம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுங்கள். கைகளை உடம்புக்கு அடியில் வையுங்கள், முகத்தைத் தரையோடு ஒட்டுங்கள். சுவரின் அடி, திண்டின் மறைவு, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. அலை ஒரு பக்கம் தள்ளும், பிறகு காற்று எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் முடிந்து பொருள்கள் விழுவது நிற்கும்வரை எழுந்திருக்காதீர்கள். சத்தம் வரவில்லையே என்று அரை நிமிடத்தில் எழுந்து நிற்பவர்தான் அடிபடுவார்.

கதிர்த்தூசி: இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்

குண்டு உயரத்தில் வெடித்து நெருப்புக் கோளம் தரையைத் தொடாவிட்டால், பக்கத்து ஊர்களில் விழும் தூசி குறைவு. தரையில் வெடித்தால் மண்ணும் கட்டட இடிபாடும் ஆயிரக்கணக்கான டன் மேலே உறிஞ்சப்பட்டு, குண்டின் கதிரியக்க மிச்சங்களோடு உருகிக் கலந்து, காற்று கொண்டுபோகும் இடமெல்லாம் கீழே இறங்கும். இதைக் கதிர்த்தூசி என்போம். ஆபத்தான அளவுக்கு விழும் தூசி கண்ணுக்குத் தெரியும். எண்ணூர்ப் பக்கத்து மொட்டை மாடிகளில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறதே, அதுபோல மணல் மணலாக, சாம்பலாக. இது வாயு அல்ல என்பதை மனதில் நிறுத்துங்கள். காற்றில் மிதந்து கதவிடுக்கில் நுழைந்து மூச்சில் ஏறிக் கொல்வது இதன் முக்கிய வேலை இல்லை. கூரைமேலும் தெருவிலும் படிந்துகொண்டு, அங்கிருந்தே எக்ஸ்ரே போல ஊடுருவும் காமா கதிரை நாலா பக்கமும் வீசுவதுதான் அதன் வேலை. அதைத் தடுப்பது இரண்டே: நடுவில் கனம், நடுவில் தூரம்.

வெடிப்பின் நேரடிச் சேத வளையத்துக்கு வெளியே இருந்தால், தூசி தலைக்கு மேல் வந்து இறங்கப் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஆகும். தொலைவு கூடக்கூட நேரம் கூடும். பத்து நிமிடக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு நல்ல செய்தி, இது வெகு வேகமாகத் தணியும். நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சின் வேகம் பத்தில் ஒன்றாகும். வெடித்து 1 மணி நேரத்தில் திறந்த தெருவில் மணிக்கு 10 சீவெர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீவெர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு. 1 சீவெர்ட் மொத்தமாக வாங்கினால் நோய் வரும். 4 வாங்கினால் சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். 10 வாங்கினால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அந்த 10, ஏழு மணி நேரத்தில் மணிக்கு 1 ஆகும். இரண்டு நாளில் 0.1. இரண்டு வாரத்தில் 0.01.

இதைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அதே தெருவில் ஒருவர் முதல் மணியிலிருந்து 24 மணி நேரம் வெட்டவெளியில் நின்றால் மொத்தம் சுமார் 24 சீவெர்ட். அதில் 16 முதல் ஆறு மணி நேரத்திலேயே வந்துவிடும். அடுத்த நாள் முழுவதும் நின்றால் 3 சொச்சம்தான். இந்த 24-ஐ வெவ்வேறு கட்டடங்களுக்குள் வைத்துப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு பாதியாகக் குறைத்தாலே பெரிது, 12 சீவெர்ட், மரணம். பத்தில் ஒன்றாகக் குறைக்கும் கட்டடத்தில் 2.4, நோய் வரும், பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஐம்பதில் ஒன்றாகக் குறைக்கும் இடத்தில் அரை சீவெர்ட்டுக்கும் குறைவு, வாந்திகூட வராமல் போகலாம். ஒரே தெரு, ஒரே தூசி. எந்தக் கூரைக்குக் கீழே இருந்தீர்கள் என்பதுதான் வித்தியாசம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காரை இதில் பொருத்திப் பாருங்கள். காரின் தகடு ஏறக்குறைய எதையும் தடுக்காது. ஆட்டோவும் பஸ்ஸும் அதே கதைதான். முதல் மணியில் அரை மணி நேர நெரிசலே உயிருக்கு உலை வைக்கும்.

எந்தக் கட்டடம்

காமா கதிரைப் பாதியாக்க வேண்டிய தடிமன்: இரும்பு 1.8 சென்டிமீட்டர், கான்கிரீட் 6, மண் 9, தண்ணீர் 18. இரண்டு மடங்கு தடிமன் போட்டால் கால், மூன்று மடங்கு போட்டால் அரைக்கால். 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் ஒன்று கால் பங்காக்கும். இரண்டு தளம் மேலே இருந்தால் பதினாறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக்கும். வீட்டிலேயே கனமான பொருள் என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிய நினைப்பவர்கள் உண்டு. அதன் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். வரிசையாக அடுக்கிய 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் அதைவிட எவ்வளவோ மேல். அரிசி மூட்டையும் பழைய பாடப்புத்தகக் கட்டும் நல்லவை.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்புகள் போன்ற மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில் மேல்மாடி வேண்டாம், தூசி படிந்த மொட்டை மாடி தலைக்கு நேர் மேலே இருக்கிறது. தரைத்தளமும் முதல் தேர்வு இல்லை, தெருவில் படிந்தது பக்கவாட்டில் வீசும். நடு மாடிகள், அதிலும் வெளிச்சுவரில் ஒட்டாத உள்ளறை, குளியலறை, படிக்கட்டுக்கு அடி. மேல்மாடிக்காரர் கீழ்மாடிக்காரரின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். திறந்துவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது. முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் முன்பகையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது.

ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் சுண்ணாம்புக் கூரையும் தடித்த சுவரும் கதிரைத் தடுக்க நல்லவை. ஆனால் தேக்கு உத்தரம் செல்லரித்திருந்தால் அதிர்வலைக்கே கூரை உட்காரும். இன்னொன்று, முற்றம். திறந்த முற்றம் உள்ள வீட்டில் தூசி வீட்டுக்கு நடுவிலேயே இறங்கும். முற்றத்துக்கும் தெருவுக்கும் சமதூரத்தில் உள்ள உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள்.

மெட்ரோவில் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை நிலையங்கள் தரைக்கு அடியில் உள்ளவை. நடைமேடை வரை இறங்கினால் வடசென்னையில் அதைவிடச் சிறந்த காப்பு கிடையாது. டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் தடம் தூண்மேல் போகிறது, அங்கே ஏறி நிற்பதில் பயன் இல்லை. ரயில்வே சுரங்கப்பாதைகள் இரண்டு பக்கமும் திறந்தவை, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பவை. வேறு வழி இல்லாதபோது அதிர்வலையிலிருந்து மறைய மட்டும்.

ஷீட் வீட்டிலோ குடிசையிலோ இருப்பவர்களுக்கு இதுதான் மிக முக்கியமான பத்தி. தூசி வருவதற்கு முன் இருக்கும் பத்து நிமிடத்தில் பக்கத்துக் கான்கிரீட் கட்டடத்துக்கு மாறுங்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், சர்ச், வங்கி, எது வேண்டுமானாலும். ஐந்து நிமிட நடையில் இருந்தால் தூசி விழ ஆரம்பித்த பிறகும்கூட மாறுவது லாபம். கால் மணி நேர நடை என்றால் அரை மணி நேரம்வரை இருக்கும் இடத்திலேயே மறைந்திருந்து, முதல் வேகம் தணிந்ததும் தலையையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு போகலாம். எங்கே போவது என்பதை இன்றே, பகலில், நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். இரவில் பள்ளிக்கூடத்தின் பூட்டு யாரிடம் சாவி கேட்கும் என்பதும் அதில் அடக்கம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வடசென்னைக்கு இது பெரிய விதிவிலக்கு. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, கரையோரம் எண்ணெய்க் கிடங்குகள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டபோது எரிந்ததும் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்தான். நீங்கள் இருக்கும் கட்டடத்தை நோக்கி நெருப்பு வந்தாலோ, கட்டடம் சரியும் நிலையில் இருந்தாலோ, கதிர்வீச்சைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகி அடுத்த கான்கிரீட் கட்டடத்துக்குள் நுழையுங்கள். நெருப்பு இப்போதே கொல்லும்.

வெளியிலிருந்து வந்தவர்

தூசி பட்டவரை வாசலிலேயே நிறுத்தி மேல்துணியையும் செருப்பையும் கழற்ற வையுங்கள். மேலே ஒட்டியதில் பெரும்பகுதி, 90 சதவீதம்வரை, அத்தோடு போய்விடும். துணியை உதறாமல் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆள் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ வையுங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும். தோலைக் கீறும்படி நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. காயத்தை மூடிக்கொண்டு குளிக்க வேண்டும். தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் கூடாது, அது தூசியை முடியோடு ஒட்டவைக்கும். எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். தண்ணீர் குறைவென்றால் ஈரத் துணியால் முகம், கை, பிடரி, காது மடிப்பு துடைத்தாலே போதும். மூக்கைச் சிந்தி, கண் இமைகளைத் துடையுங்கள். குளித்து முடித்தவர் யாருக்கும் ஆபத்தானவர் இல்லை. கதிர்வீச்சு நோய் தொற்றாது. ஹிரோஷிமாவிலிருந்து தப்பியவர்கள் கல்யாணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டது அறியாமையால்தான்.

உள்ளே ஒரு நாள்

ஜன்னலை மூடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். இங்கே பல கையேடுகள் நம் ஊர் வெயிலை மறந்துவிடுகின்றன. மே மாதத்தில், மின்சாரம் இல்லாமல், பத்துக்குப் பத்து அறையில் பதினைந்து பேர் கதவு ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கதிர்வீச்சுக்கு முன் உஷ்ணமே ஆளை வீழ்த்தும். தூசி விழும் முதல் சில மணி நேரம் மூடி வையுங்கள். விழுந்து முடிந்தபின் உள்பக்கக் கதவு, படிக்கட்டுப் பக்கத்து ஜன்னல் ஆகியவற்றைத் திறந்து ஈரத் துணியைத் தொங்கவிடுங்கள். தூசி மணல்போல் படிவது, திறந்த இடுக்கில் பாம்புபோல் ஏறி வராது. மூடிய அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ கரி அடுப்போ பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் முடித்துவிடும். சிலிண்டர் வால்வையும் மின்சார மெயினையும் முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். மூன்று நாளுக்கு நான்கு பேர் குடும்பத்துக்கு 48 லிட்டர், அதாவது இரண்டரை கேன். தண்ணீர் லாரி வரும் நாளை நம்பி வாழும் தெருக்களில் இதைச் சேர்த்து வைப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆனாலும் மூடி போட்ட இரண்டு கேன் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். மூடியுள்ள மாடித் தொட்டித் தண்ணீரையும் மூடிய சம்ப் தண்ணீரையும் அடிபம்புத் தண்ணீரையும் குடிக்கலாம். கதிர் ஊடுருவிப் போவதால் தண்ணீர் விஷமாகாது. தூசி உள்ளே விழுந்தால்தான் கெடும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கதிரியக்கம் போகாது.

சமைக்காமல் சாப்பிடக்கூடியதை வைத்திருங்கள்: அவல், பொட்டுக்கடலை, பிஸ்கட், பேரீச்சம்பழம், பால் பவுடர். வாழைப்பழத்தைத் துடைத்து உரித்துச் சாப்பிடலாம், இளநீரின் வெளிமட்டையைக் கழுவி வெட்டலாம். முன்பே பாக்கெட்டில் வந்த பால் சரி. வெடிப்புக்குப் பிறகு மேய்ந்த மாட்டின் பாலைச் சில வாரம் தொடக் கூடாது. புல்லில் விழுந்த கதிரியக்க அயோடின் பாலில் சேர்ந்து குழந்தைகளின் தைராய்டுக்குப் போகும். அந்த அயோடினின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். கரையில் காயப் போட்டிருந்த கருவாட்டை நினைக்கவே வேண்டாம்.

தினசரி மாத்திரைகள், இன்சுலின், ஓ.ஆர்.எஸ்., டார்ச், விசில், கழிவுக்கு மூடியுள்ள வாளி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர், கடைசியாக பேட்டரி ரேடியோ. மொபைல் கோபுரங்கள் விழுந்த பிறகு ரேடியோதான் கதி. மீடியம் வேவில் சென்னை வானொலி 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். சென்னை பேசாவிட்டால் இரவில் திருச்சியைத் தேடிப் பாருங்கள். மிக உயரத்தில் வெடிக்கும் குண்டின் மின்காந்தத் துடிப்பு, அதாவது மின்கருவிகளைக் கெடுக்கும் திடீர் அலை, நீளமான கம்பிகளில்தான் அதிகம் ஏறும். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் நடந்த சோதனை, சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் சில தெருவிளக்குகளை அணைத்தது. கம்பியில் மாட்டாத சிறு ரேடியோ பெரும்பாலும் பிழைக்கும்.

அயோடின் மாத்திரை எல்லாவற்றுக்கும் மருந்து என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும். பெரியவருக்கு 130 மில்லிகிராம், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 65; அதிகாரிகள் சொன்னால் மட்டும். கல்பாக்கம் போன்ற அணுமின் நிலைய விபத்தில்தான் அதன் தேவை பெரிது. குண்டுக்குப் பின் வெளியிலிருந்து வரும் காமா கதிரை எந்த மாத்திரையும் தடுக்காது. அயோடின் உப்பைக் கூடுதலாகத் தின்பதில் பயன் இல்லை. காயத்துக்குப் போடும் டிஞ்சரைக் குடிப்பது விஷம்.

வாந்தி சீக்கிரம் வந்தால் வாங்கிய அளவு அதிகம். வெளியில் இருந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுக்க ஆரம்பித்தால் நிலைமை மோசம். பயத்திலும் வாந்தி வரும் என்பதால் ஒருமுறை வந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். வந்த நேரத்தை எழுதி வையுங்கள், பிறகு டாக்டருக்கு அதுதான் முதல் தகவல். சில நாள் தெளிந்ததுபோல் இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டுவதும் ரத்தக் கசிவும் காய்ச்சலும் வருவது இந்த நோயின் வழக்கம். "சரியாகிவிட்டது" என்று வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது. ஆனால் முதல் நாளே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் வேண்டாம். நிற்காத ரத்தப்போக்குக்குத் துணியை வைத்து அழுத்திப் பிடிப்பதை நீங்களே செய்யலாம்.

பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தால்

இதை எழுதுவது சுலபம், செய்வது அப்படியில்லை. போய்க் கூட்டிவராதீர்கள். பள்ளிக் கட்டடம் அநேகமாக உங்கள் வீட்டைவிடக் கனமானது. நீங்கள் போகும் வழியில் ஒரு பங்கு வாங்குவீர்கள், பிள்ளையோடு திரும்பும் வழியில் பிள்ளையும் சேர்ந்து வாங்கும். ஆசிரியர்கள் பிள்ளைகளை நடு மாடியின் உள்ளறைக்கு மாற்றி வைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டுமானால், அந்த ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் சிவில் டிஃபென்ஸ் ஒத்திகை நடந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லியே கேட்கலாம்: நம் பள்ளியில் எந்த அறை, யார் சாவி, எத்தனை குடம் தண்ணீர்?

கடலில் இருப்பவர்களுக்கு

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா 15 மெகாடன் குண்டைச் சோதித்தது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, 23 பேரோடு ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று இருந்தது. மேற்கே சூரியன் உதித்ததுபோல் வெளிச்சம், பிறகு சத்தம், சில மணி நேரம் கழித்து வெள்ளைச் சாம்பல். அது என்னவென்று தெரியாமல், போட்ட தூண்டில் கயிற்றை இழுத்து முடிக்கும்வரை சாம்பலிலேயே வேலை செய்தார்கள். தோல் வெந்தது, முடி கொட்டியது. வானொலி இயக்குநர் ஐகிச்சி குபோயாமா அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

காசிமேட்டு லாஞ்சுக்கும் ஃபைபர் போட்டுக்கும் இதிலிருந்து எடுக்க வேண்டியது: பெரிய வெளிச்சம் தெரிந்தால் முகத்தைத் திருப்பி அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில், குப்புறப் படுங்கள். சாம்பல் விழத் தொடங்கினால் வலையைப் பற்றி யோசிக்காமல் அறுத்துவிடுங்கள். மேகம் நகரும் திசைக்குக் குறுக்காக ஓட்டுங்கள். ஸ்டீயரிங் பிடிப்பவர் தவிர மற்றவர்கள் மீன் அறைக்குள் இறங்கட்டும், தளத்தைக் கடல்நீரால் விடாமல் அலசுங்கள். மழைக்கோட் போட்டுக்கொண்டால் கழற்றி எறிவது எளிது. வி.எச்.எஃப். சேனல் 16-ஐத் திறந்து வையுங்கள், எந்தத் துறைமுகத்துக்கு வரலாம் என்று கேட்டுவிட்டுக் கரையேறுங்கள். துறைமுகத்துத் தண்ணீரிலேயே வெடித்திருந்தால் நிலைமை வேறு. 1946 ஜூலை 25 அன்று பிகினியில் நீருக்கடியில் நடந்த சோதனையில் கிளம்பிய நீர்த்திவலை கப்பல்களில் அப்படியே ஊறிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மாலைக் கடற்காற்றைப் பார்த்து "தூசி உள்ளூருக்குப் போகும்" என்றோ "கடலுக்குப் போகும்" என்றோ கணிக்காதீர்கள். தூசி மேகம் பல கிலோமீட்டர் உயரத்தில் நகர்வது. அங்கே காற்றின் திசை தரையில் அடிப்பதற்கு நேர் எதிராகவே இருக்கலாம். தென்மேற்குப் பருவத்தில் சில கிலோமீட்டர் உயரக் காற்று பெரும்பாலும் கடலை நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் நிலத்தை நோக்கியும் போகும். மேகம் தலைக்கு மேல் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்ப்பதே மேல்.

வெளியே வருவது

24 மணி நேரம் குறைந்தபட்சம், 48 நல்லது. ரேடியோ வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். வெளியேறச் சொன்னால் எந்தச் சாலை, எந்தத் திசை என்று தெளிவாகக் கேட்ட பிறகே கிளம்புங்கள். தண்ணீர் தீர்ந்துபோனதால் ஒருவர் மட்டும் போக வேண்டியிருந்தால் இரண்டாம் நாளில், அரை மணி நேரத்துக்குள் திரும்பும்படி போகட்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அனுப்ப வேண்டாம், வயதில் மூத்தவர் போவதுதான் கணக்கில் சரி. திரும்பியதும் துணி மாற்றிக் கழுவட்டும்.

தொடர்ந்து அதே வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் மொட்டை மாடியைச் சுத்தம் செய்வது பெரிய லாபம். இரண்டு நாளுக்குப் பிறகு, முகத்தைத் துணியால் கட்டி, முழுக்கை சட்டையோடு, ஆள் மாற்றி ஆள் பத்துப் பத்து நிமிடமாகச் செய்யுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும், முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். பிறகு மழைநீர்க் குழாய் வாய்ப்பக்கம் தள்ளுங்கள், ஆனால் அந்தக் குழாய் சம்ப்புக்கோ கிணற்றுக்கோ மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ போகிறதா என்று முன்பே பாருங்கள். போனால் இணைப்பைக் கழற்றி, தூசியைத் தெருப்பக்கச் சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள். குழாய் இறங்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் சில வாரத்துக்கு யாரும் படுக்க வேண்டாம்.